மூன்று பேரும் ஒரு பண்ணைக் கொட்டகையும்: க்ருங்பின் இசைக்குழு பற்றி ஒரு விவாதம்

சிரட்டைப்பால் – குலசேகரம்
வெள்ளி, இரவு 9.40

போன மாதம் இந்த மன்றத்தில் ஒருவர், ராத்திரி அமைதியாகக் கேட்க மேற்கத்திய இசை ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். 'க்ருங்பின்' என்று ஒரு சொல்லில் பதில் போட்டுவிட்டுப் போனேன். பிறகு மனசு கேட்கவில்லை. சில வருடங்களாக நான் விடாமல் கேட்கும் குழு இது, அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் நான் எங்கே கேட்கத் தொடங்கினேன் என்று சொல்கிறேன். எங்களுக்குச் சின்னதாக ஒரு ரப்பர் தோட்டம் உண்டு. 2020 ஊரடங்கில் வெட்டுக்காரர் வர முடியாமல் போனதால் நானே பால் வெட்டினேன். விடியுமுன் மூன்றரை மணி, நெற்றியில் விளக்கு, ஒரு காதில் மட்டும் ஹெட்செட். பன்றி நடமாட்டம் உண்டு என்பதால் மற்ற காதைத் திறந்து வைத்திருப்பேன். வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரிக்க வேண்டும், பட்டையைச் சீவ வேண்டும், சிரட்டையை நிமிர்த்தி வைக்க வேண்டும், அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். நூறு மரம் தாண்டினால் உடம்புக்கு ஒரு நடை வந்துவிடும். சினிமாப் பாட்டு போட்டால் நாலு வரிக்கு ஒருமுறை ஏதாவது மாறி, கத்தி ஆழமாகப் போய்விடும். இந்தக் குழுவின் பாட்டு என்னை எங்கேயும் இழுக்காமல் கூடவே நடந்து வந்தது.

இனி விவரம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், ஹூஸ்டன் நகரம். மூன்றே பேர். கிடார் மார்க் ஸ்பியர், பேஸ் கிடார் லாரா லீ, டிரம்ஸ் டொனால்ட் ஜான்சன். டொனால்டை எல்லோரும் டிஜே என்று அழைப்பார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தால் 'க்ருவாங்பின்' என்று வரும், அவர்கள் சொல்வது 'க்ருங்பின்'. தாய்லாந்து மொழியில் விமானம் என்று பொருள், சொல்லைப் பிரித்தால் 'பறக்கும் இயந்திரம்'. குழுவுக்குப் பெயர் தேவைப்பட்ட சமயத்தில் லாரா லீ அந்த மொழியைக் கற்றுக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்த சொல்லையே வைத்துவிட்டார்கள்.

எனக்கு நெருக்கமான விஷயம் இதற்குப் பிறகுதான். மார்க்கும் டிஜேயும் சந்தித்தது 2004-ல், ஹூஸ்டனில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தில், காஸ்பல் என்ற பக்திப் பாட்டு வாசிக்கும் இசைக்குழுவில். அங்கே மார்க் கிடார் வாசித்தார், டிஜே ஆர்கன். ஆம், டிரம்ஸ் இல்லை, ஆர்கன்தான். செவ்வாய்க்கிழமை தோறும் ஒத்திகை முடிந்ததும் சேர்ந்து சாப்பிடப் போவார்கள். பின்னால் லாரா லீயும் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தார். அவரை பேஸ் பக்கம் திருப்பியவர் மார்க். 2010-ல் போனோபோ என்ற ஆங்கிலேய இசைக்கலைஞரின் சுற்றுப்பயணத்தில், அவருக்கு முன் வாசிக்கும் குழுவில் மார்க்கும் லாரா லீயும் சேர்ந்து போனார்கள். திரும்பி வந்ததும் தங்களுக்கென்று ஒரு குழு வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. டிரம்ஸுக்கு ஆள் தேடியபோது, சும்மா நேராக, அலங்காரம் இல்லாமல் வாசிக்கிறவர் வேண்டும் என்று ஆர்கன்காரரான டிஜேயைக் கூப்பிட்டார்கள்.

மார்க் குடும்பத்துக்கு பர்ட்டன் என்ற குட்டி ஊரில் பண்ணை இருக்கிறது. அங்குள்ள ஒரு பழைய கொட்டகையில்தான் பதிவு செய்வார்கள். அங்கே செய்த ஒரு பாட்டை போனோபோ 2013-ல் தான் தேர்ந்தெடுத்த ஒரு தொகுப்பில் சேர்த்தார். வெளியுலகம் அவர்களை முதலில் கேட்டது அப்படித்தான். 2015-ல் முதல் ஆல்பம் 'தி யூனிவர்ஸ் ஸ்மைல்ஸ் அப்பான் யூ', 2018-ல் 'கோன் தோதோ எல் முண்டோ', 2020-ல் 'மோர்டகாய்', 2024-ல் 'அ லா சாலா'. நடுவில் மற்றவர்களோடு சேர்ந்து செய்தவை தனி.

நான் சொல்ல வந்தது இதுதான். பதினைந்து வருடம் எங்கள் சபையில் கிடார் வாசித்தவன் நான். பாடுகிறவர்களை மூடக்கூடாது என்பதுதான் எனக்கு அங்கே கிடைத்த முதல் பாடம். சங்கீதம் தெரியாத அம்மாமார் முன்வரிசையில் நின்று பாடுவார்கள், நம் வாசிப்பு அவர்களுக்கு ஒரு தரையாக இருக்க வேண்டும். இந்தக் குழு அதே பாடத்தை வைத்து, பாடுகிறவர்களே இல்லாத இசையைச் செய்திருக்கிறது. பாட்டுக்கு விட்ட இடம் அப்படியே காலியாக இருக்கிறது. அந்தக் காலி இடத்தைத்தான் நான் கேட்கிறேன் என்று நினைக்கிறேன்.

கேட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

முட்டம்கரை
வெள்ளி, இரவு 10.25

அண்ணா, நான் கல்லூரி இரண்டாம் வருடம், எங்கள் பங்கின் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

நீங்கள் கிடார் பக்கமிருந்து எழுதிவிட்டீர்கள். இந்தக் குழுவில் பாட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது பேஸ். டிஜேயின் ஒரு தாளத் துண்டை எடுத்து, அதன் மேல் லாரா லீ பேஸ் வரி எழுதுவார், அதற்கு அப்புறம்தான் மார்க்கின் கிடார் வரும். பெரும்பாலும் அந்த வரிசை. அதனால்தான் அவர்களுடைய பாட்டை நினைவிலிருந்து முணுமுணுக்கச் சொன்னால் என் வாயில் பேஸ் வரிதான் வருகிறது.

அவர் வைத்திருப்பது விலையுயர்ந்த பேஸ் இல்லை. 'ஜாஸ் பேஸ்' என்ற பிரபல மாடலுக்கு எஸ்எக்ஸ் என்ற மலிவான கம்பெனி செய்த நகல். தட்டையாகச் சுற்றிய கம்பி போட்டிருப்பார். சாதாரணக் கம்பியில் விரல் நகரும்போது 'கீச்' என்று ஒரு ஓசை வருமே, தட்டைக் கம்பியில் அது வராது. சுரம் உருண்டையாக வந்து சீக்கிரம் அடங்கிவிடும். எனக்கு பேஸ் வாங்கின கடையில், இந்த விலைக்கு வாங்கினால் சத்தம் மரப்பெட்டி மாதிரிதான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு வாரம் அழுகையாக வந்தது. பிறகு இவர் வாசிக்கும் வீடியோவைப் பார்த்து, தட்டைக் கம்பியை ஆர்டர் போட்டு மாட்டினேன். அந்த மரப்பெட்டிச் சத்தம்தான் எனக்கு வேண்டியதாக இருந்தது.

அவர் வரிகளில் சுரம் குறைவு. நாலைந்து சுரம், திரும்பத் திரும்ப. வாசிக்க எளிது என்று நினைத்து உட்கார்ந்தேன், நாலு நிமிடம் ஒரே அளவில் வாசிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. விரல் வேகமாக ஓடும், மனசு சலித்து ஏதாவது சேர்க்கப் பார்க்கும். சேர்க்காமல் இருப்பதற்குத்தான் பயிற்சி.

ஆரல்காற்று
வெள்ளி, இரவு 11.10

இரண்டு பேருக்கும் வணக்கம். எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து இருக்கிறது, சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சைகெடெலிக் பாப் எனக்குப் பிடித்த துறை. அறுபதுகளில் அது ஏன் வந்தது? ஒலிப்பதிவுக் கூடத்தையே ஒரு வாத்தியமாக மாற்றினார்கள். டேப்பைத் திருப்பி ஓட்டினார்கள், வேகத்தை மாற்றினார்கள், குரலைச் சுழல விட்டார்கள். கேட்கிறவன் தான் உட்கார்ந்திருக்கும் அறையையே மறந்துவிடுவான். இந்தக் காலத்தில் அதைச் செய்கிறவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரக்காரர் கெவின் பார்க்கர், டேம் இம்பாலா என்ற பெயரில் இசை வெளியிடுகிறவர். 2015-ல் வந்த அவருடைய 'கரன்ட்ஸ்' ஆல்பத்தில் எழுத்து, வாத்தியம், குரல், பதிவு, மிக்ஸிங் எல்லாம் ஒரே ஆள். அடுக்கடுக்காக ஒலியை வைத்துக் கட்டியிருப்பார். பத்தாவது முறை கேட்கும்போதும் புதிதாக ஒரு அடுக்கு திறக்கும்.

அதே 2015-ல் வந்த க்ருங்பின் முதல் ஆல்பத்தில் எனக்கு அந்த மாதிரி எதுவும் திறக்கவில்லை. முதல் தடவை கேட்டதுதான் ஐந்தாவது தடவையும். காப்பிக் கடையில் ஓடவிடுகிறார்கள், துணிக்கடையில் ஓடவிடுகிறார்கள். யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இன்னொன்று. தாய்லாந்து கொஞ்சம், ஈரான் கொஞ்சம், ஜமைக்கா கொஞ்சம் என்று எடுத்துக் கோத்திருக்கிறார்கள். அந்தந்த ஊர்க்காரன் வாசித்த அசலைக் கேட்டால் போதாதா?

சிரட்டைப்பால்
வெள்ளி, இரவு 11.35

நல்ல கேள்வி அண்ணாச்சி. நாளை வெட்டு இருக்கிறது, ஒன்றுக்கு மட்டும் இப்போது பதில்.

டேம் இம்பாலாவை நானும் கேட்பேன். பார்க்கர் தனி ஆள், அதனால் தன்னைச் சுற்றி ஒலியை நிரப்புகிறார். இவர்கள் ஒரே கொட்டகையில் எதிரெதிரே உட்கார்ந்து வாசிக்கும் மூன்று பேர். கூடத்தை வாத்தியமாக்குவது பற்றிச் சொன்னீர்கள். 2019-ல் வந்த 'ஆஸ்தா எல் சியேலோ'வைக் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது ஆல்பத்தை எடுத்து ஜமைக்காவின் டப் முறையில் பிரித்துப் போட்டிருப்பார்கள். கிடார் வரும், பாதியில் காணாமல் போகும், எதிரொலி மட்டும் மிஞ்சும். கடைசி இரண்டு பாட்டை டப் இசையில் பெரும் பெயர் வாங்கிய 'சயன்டிஸ்ட்' என்ற கலைஞர் செய்து கொடுத்திருக்கிறார். நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள், போனில் வேண்டாம்.

கோட்டாறு டேப்
சனி, காலை 7.15

எனக்கு 61 வயது. பாட்டு கேட்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. ஆரல் தம்பியின் இரண்டாவது கேள்விக்கு என் பங்கைச் சொல்கிறேன்.

'அசல்' என்று சொன்னாரே, அது தாய்லாந்தில் எப்படி உண்டானது என்று பார்க்க வேண்டும். அறுபதுகளில் வியட்நாம் போருக்காக அமெரிக்க விமானப்படை தாய்லாந்தில் உடோன், கோராட் போன்ற ஊர்களில் தளம் போட்டது. சிப்பாய்களோடு மின்சார கிடாரும் ரெக்கார்டுகளும் போயின. ஏற்கெனவே இங்கிலாந்தின் ஷேடோஸ் குழு அங்கே பிரபலம், குரல் இல்லாமல் கிடாரிலேயே பாட்டை வாசிப்பார்களே, அவர்கள். தாய்லாந்து இளைஞர்கள் அந்த கிடாரை எடுத்துத் தங்கள் ஊர்ப் பாட்டுக்கு வாசித்தார்கள். லூக் துங் என்ற கிராமியப் பாட்டும், வடகிழக்கே ஈசான் பகுதியின் மோலாம் பாட்டும் அதில் கலந்தன. ஆக மார்க் ஸ்பியர் கேட்டு மயங்கிய 'அசலே' ஏற்கெனவே கடல் தாண்டிப் போய் ஊறி வந்தது. அந்தப் பழைய தாய்லாந்துக் கேசட்டுகளைப் பதிவேற்றும் ஒரு வலைப்பூவிலிருந்துதான் இவர்கள் நிறையக் கேட்டார்கள்.

நம் குமரி ஜில்லாவில் பிறந்தவனுக்கு இது புரியாமல் போகாது. சின்ன வயதில் எங்கள் வீட்டு ரேடியோவில் முள்ளை ஒரு பக்கம் திருப்பினால் திருவனந்தபுரம், இன்னொரு பக்கம் திருப்பினால் இலங்கை வானொலி. 1984-ல் நாகர்கோவிலுக்கே நிலையம் வந்தது, நாட்டிலேயே முதல் உள்ளூர் வானொலி அது. அதுவரை எங்கள் காதுக்கு ஊர் எல்லை என்று ஒன்று கிடையாது. மலையாள நாடகப் பாட்டும், கொழும்பிலிருந்து வரும் பைலாப் பாட்டும், கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா பேண்டும் ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளைகள் நாங்கள். இவர்கள் வாசிப்பதில் தாய்லாந்து எது, ஹூஸ்டன் எது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றுவதில்லை.

ஆனால் தம்பி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கிருந்து கேட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும். இவர்கள் பேட்டிகளில் தாங்கள் கேட்ட பாட்டுகளின் பட்டியலையே கொடுப்பார்கள். அதனால்தான் எனக்கு மரியாதை.

வில்லடி
சனி, காலை 9.50

தோவாளைப் பக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வில்லுப்பாட்டு. அப்பா குடம் வாசித்தார், நானும் குடம்தான். இந்த இழையைப் படித்துவிட்டு முதல்முறையாக இந்தக் குழுவைக் கேட்டேன், இரண்டு ஆல்பம் முழுசாக.

டிரம்ஸ்காரரைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை, நான் எழுதுகிறேன். குடத்தின் வாயில் பத்தி என்ற மட்டையால் அறைந்தால் 'கும்' என்று ஒரு காற்று வரும். அந்தக் காற்று அடங்கும் வரை அடுத்த அடியைப் போடக் கூடாது என்று அப்பா சொல்வார். அது அடங்குமுன் அடித்தால் இரண்டு அடியும் செத்துவிடும். டிஜே காலால் அடிக்கும் கீழ் டிரம் எனக்கு அப்படிக் கேட்கிறது. ஒவ்வொரு அடியும் தன் வால் முடிய நிற்கிறது.

கோவில் கொடையில் ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தால் விடிய விடியக் கதை ஓடும். முன்னால் இருப்பவர் பாடுவார், நிறுத்தி விளக்கம் சொல்வார், மறுபடி பாடுவார். அவர் பேசும்போது நாங்கள் உடுக்கையையும் குடத்தையும் அடக்கி, நூல் அளவுக்கு மட்டும் தாளத்தை வைத்திருப்போம். முழுசாக விட்டுவிட்டால் ஜனம் எழுந்து போய்விடும், கூட்டினால் கதை காதில் விழாது. இவர்கள் ஆல்பம் முழுக்க அந்த நூல் அளவிலேயே வாசிக்கிறார்கள். கதை சொல்கிறவர் வாயைத் திறக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கடைசிவரை வரவில்லை. முதலில் ஏமாற்றமாக இருந்தது, இரண்டாவது ஆல்பத்தில் பழகிவிட்டது.

ஒரு சந்தேகம். டிஜே முதலில் என்ன வாத்தியக்காரர்? தாளத்தை மட்டும் படித்தவர் மாதிரித் தெரியவில்லை.

சிரட்டைப்பால்
சனி, மதியம் 12.30

வில்லடி அண்ணே, நான்தான் மேலே சொன்னேனே, ஆர்கன். அதோடு ஹூஸ்டனில் ராப் பாடகர்களுக்கு இசை அமைத்துக் கொடுக்கும் ஜோடியில் அவரும் ஒருவர். ராப்புக்குத் தாளம் செய்கிறவர் இரண்டு தாள அளவை வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட விடுவார், குரல் மேலே வரும். அதைக் கைகளாலேயே டிரம்ஸில் வாசிப்பதுதான் இவர் செய்வது. மேடையிலும் பழைய ஹிப்ஹாப் பாட்டுகளின் மெட்டுகளை ஒன்றோடொன்று கோத்து வாசிப்பார்கள், ஜனம் துள்ளும். ஆர்கன்காரருக்குப் பாட்டின் மொத்த உடம்பும் தெரியும், எந்த இடத்தில் எது வரும் என்று தெரிந்தவர் அவசரப்பட மாட்டார். எங்கள் சபையிலும் கீபோர்டு வாசிக்கிற பையன் ஒருநாள் டிரம்ஸில் உட்கார்ந்தான், அன்றைக்குத்தான் பாடகர் குழு நிம்மதியாகப் பாடியது.

கிடார் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மார்க் பாடகர் மாதிரி யோசிப்பார். கோர்டு அடித்து நிரப்புவது குறைவு. ஒற்றை ஒற்றைச் சுரமாக, இழுத்து, சறுக்கி, சின்னதாக அசைத்து வாசிப்பார். நம் நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தில் நின்று தடவுவது போல. ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார், மேலே நிறைய எதிரொலி, கொஞ்சம் ஃபேஸர். ஃபேஸர் என்றால் ஒலி மெல்லச் சுழல்வது போன்ற ஒரு விளைவு. சைகெடெலிக் என்று இவர்களுக்குப் பெயர் வந்ததில் பாதி அதனால்தான். கூட்டிப் போகும் இடம் விண்வெளி இல்லை, ஒரு வெயில் தாழ்ந்த மத்தியானம்.

முட்டம்கரை
சனி, மாலை 5.05

'மோர்டகாய்' பற்றி யாரும் பேசவில்லையே! குழு மாறியது அங்கேதான்.

அதற்கு முந்தைய ஆல்பங்களில் குரல் என்றால் இரண்டு மூன்று பேரும் சேர்ந்து ஒரு சொல்லையோ ஒரு வரியையோ மெல்லச் சொல்வார்கள், அவ்வளவுதான். 'மோர்டகாய்'யில் கிட்டத்தட்ட எல்லாப் பாட்டிலும் வார்த்தை இருக்கிறது. லாரா லீ தன் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தவை. ஆல்பத்தின் பெயரே அவர் சந்தித்த ஒருவருடைய பெயர். தன் குடும்பத்தோடு ஒரு அருவிக்கு நடந்து போகும்போது இவரையும் கூப்பிட்டிருக்கிறார். அந்த நடை இவரை மாற்றியது என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஒரு பாட்டில், 'வாழ்க்கை அப்படித்தான்' என்பதைப் பல மொழிகளில் சொல்லிக்கொண்டே போவார். நான் முதலில் அதைக் கேட்டது திற்பரப்பு அருவியில், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில். ஒரு மொழியும் புரியவில்லை, ஆனால் சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது ஆல்பத்தின் பெயரும் குடும்பத்திலிருந்து வந்ததுதான். அவருடைய தாத்தா மெக்சிக்க வம்சாவளி. 'என்னை எவ்வளவு பிடிக்கும்?' என்று கேட்பாராம், 'உலகம் முழுசோடும்' என்று பதில் சொன்னால்தான் விடுவாராம். அந்தப் பதில்தான் தலைப்பு. 'அ லா சாலா' என்றால் ஸ்பானிய மொழியில் 'கூடத்துக்கு வாங்க'. சின்ன வயதில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட லாரா லீ கத்தின வார்த்தை. இந்தப் பெண் வீட்டுக்குள்ளிருந்து பாட்டு எடுக்கிறார் என்பதே எனக்கு எவ்வளவு பெரிய தைரியம் தெரியுமா? எங்கள் வீட்டில் பாட்டி வலை பின்னிக்கொண்டே சொன்ன வார்த்தைகள் ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன.

சிரட்டைப்பால்
சனி, இரவு 8.20

தங்கச்சி, இந்த ஒன்றில் நான் ஒத்துப்போக மாட்டேன். 'மோர்டகாய்'யில் வார்த்தை வந்ததும் அந்தக் காலி இடம் அடைபட்டுவிட்டது என்று எனக்குப் பட்டது. குரல் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் மார்க்கின் கிடார்தான் அந்தக் குழுவின் பாடகர். இரண்டு பாடகர் ஒரே அறையில் இருந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். பல பாட்டில் கிடார் ஒதுங்கி, பின்னால் நின்று தாளம் தட்டுகிறது.

'அ லா சாலா' எனக்கு மறுபடி வீடு வந்த மாதிரி. மூன்று பேரும் வருடக்கணக்காகப் போனில் பதிந்து வைத்திருந்த சின்னச் சின்னத் துண்டுகளிலிருந்து கட்டினார்கள். பூச்சிச் சத்தம் கூட உள்ளே வருகிறது. குறையும் சொல்லிவிடுகிறேன்: நடுவில் சில பாட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, எது எது என்று பிரியவில்லை. ஆரல் அண்ணாச்சியின் புகார் அந்த இடத்துக்குப் பொருந்தும்.

முட்டம்கரை
சனி, இரவு 8.50

அண்ணா, அது உங்கள் காது கிடார் காது என்பதால். 'மோர்டகாய்'யில் பேஸைக் கவனியுங்கள், நடனத்துக்குக் கூப்பிடும். அந்தக் குரல்களும் பாடகர் மாதிரி முன்னால் வருவதில்லையே. பூசையில் ஜனங்கள் பதிலுரை சொல்வது மாதிரி, எல்லோரும் ஒரே சுரத்தில், உணர்ச்சியைக் கூட்டாமல். அதை நான் குரலாகக் கேட்பதில்லை, நாலாவது வாத்தியமாகக் கேட்கிறேன். இதை விட்டுத்தர மாட்டேன்.

தக்கலை ராத்திரி
ஞாயிறு, அதிகாலை 1.15

எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு, விட்டுப்போன ஒன்றைச் சேர்க்கிறேன். 2022-ல் வந்த 'அலி'. என்னைப் பொறுத்தவரை அவர்கள் செய்ததில் அதுதான் உயரம்.

மாலி நாட்டில் நைஜர் ஆற்றங்கரையில் நியாஃபுங்கே என்ற ஊர். அலி ஃபார்கா தூரே அந்த ஊர்க்காரர், விவசாயி, பெரிய கிடார்க் கலைஞர், கடைசிக் காலத்தில் ஊர் மேயராகவும் இருந்தார். 2006-ல் இறந்துபோனார். அவருடைய பாட்டுகளை அவர் மகன் வியூ ஃபார்கா தூரே பாட, இந்த மூன்று பேரும் பின்னால் வாசித்த ஆல்பம் அது. தங்கள் பெயருக்காக ஒரு இடத்திலும் முன்னால் வரவில்லை. அப்பாவின் பாட்டை மகன் பாடுகிறான், அவனைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். சிரட்டைப்பால் முதலில் சொன்ன அந்தச் சபைப் பாடம் எனக்கு இங்கேதான் முழுசாகக் கேட்டது.

எங்கள் ஊரில் பீர் முகமது அப்பா தர்காவில் ஆண்டுவிழா நாளில் ராத்திரி முழுக்க ஞானப்புகழ்ச்சி பாடுவார்கள். பீர் முகமது அப்பாவே எழுதிய தமிழ்ப் பாட்டு. சின்னப் பிள்ளையாக வாப்பா மடியில் படுத்துக் கேட்டிருக்கிறேன். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும். ஒரு கட்டத்துக்கு மேல் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று தெரியாது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் உள்ளே போகும். ஆரல் அண்ணன் சைகெடெலிக் என்றால் அறையை மறக்கச் செய்வது என்றார். எனக்கு அறை மறந்தது அங்கேதான், டேப்பைத் திருப்பாமலேயே. 'அலி'யைக் கேட்டபோது அந்த நடுராத்திரி திரும்ப வந்தது.

லியோன் பிரிட்ஜஸ் என்ற டெக்சாஸ் பாடகரோடு 2020-ல் 'டெக்சாஸ் சன்', 2022-ல் 'டெக்சாஸ் மூன்' என்று இரண்டு சின்ன ஆல்பமும் செய்திருக்கிறார்கள். அதில் முதலாவதைக் காரில் போகும்போது கேட்கலாம். 2021-ல் பால் மெக்கார்ட்னியின் ஒரு பாட்டையும் மறு உருவாக்கம் செய்து கொடுத்தார்கள்.

கோட்டாறு டேப்
ஞாயிறு, மதியம் 2.40

தக்கலைத் தம்பி, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து 'அலி'யைப் போட்டேன். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் என் வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இங்கிலீஷ் பாட்டு போட்டால் கதவைச் சாத்துகிறவள்.

இன்னொரு விவரம். 67-ஆவது கிராமி விருதுக்கு, சிறந்த புதிய கலைஞர் பிரிவில் இவர்களைப் பரிந்துரைத்தார்கள். முதல் ஆல்பம் வந்து ஒன்பது வருடம் கழித்து 'புதியவர்கள்'! எனக்கு அதில் வருத்தம் கிடையாது. ஒரு ஹிட் பாட்டால் மேலே வராமல், ஒவ்வொரு ஊராகப் போய் வாசித்து, கேட்டவர்கள் அடுத்தவரிடம் சொல்லி வளர்ந்த குழு. மேடையில் மார்க்கும் லாரா லீயும் கறுப்பு விக் வைத்து நிற்பார்கள். அதைக் கழற்றிவிட்டால் தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியாது. இத்தனை வருடமும் அப்படியே வைத்திருக்கிறார்கள். முகத்தை விற்காமல் இசையை மட்டும் கொடுக்க முடிகிறது என்பது இந்தக் காலத்தில் பெரிய விஷயம்.

ஆரல்காற்று
ஞாயிறு, இரவு 9.30

சொன்னபடி 'ஆஸ்தா எல் சியேலோ'வையும் 'அலி'யையும் கேட்டேன். எங்கள் வீட்டு மாடியில், நல்ல ஸ்பீக்கரில். இப்போது ஆரல்வாய்மொழிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், காற்றாலைகளின் இரைச்சலும் சேர்ந்து வரும். டப் ஆல்பத்தில் கிடார் மறையும் இடத்தில் காற்று நுழைந்து, கிடார் திரும்பி வரும்போது விலகியது. அங்கே நான் தலை நிமிர்ந்தேன். ஒத்துக்கொள்கிறேன்.

'அலி' பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் நாள் வேண்டும். இரண்டு முறை கேட்டுவிட்டுப் பேசக் கூடிய ஆல்பம் இல்லை.

முதல் ஆல்பம் பற்றி என் கருத்து மாறவில்லை. அழகாக இருக்கிறது, எனக்குப் போதவில்லை. தக்கலைத் தம்பி சொன்ன அந்த நடுராத்திரி அனுபவம் வர வேண்டும் என்றால் பாட்டு இன்னும் நீள வேண்டும். நாலு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள், நான் உள்ளே போகும்போது கதவு சாத்தப்படுகிறது. பாப் என்ற சொல்லுக்காகச் சுருக்கினார்களோ என்று தோன்றுகிறது.

வில்லடி
ஞாயிறு, இரவு 10.05

அது சரி. மூன்று மணி நேரம் வாசித்தால் நான் இங்கேயிருந்து டிக்கெட் எடுத்துப் போவேன்.

சிரட்டைப்பால்
செவ்வாய், இரவு 7.50

இரண்டு நாள் மழை, வெட்டு இல்லை. அதனால் ஒரு காரியம் செய்தோம். முட்டம்கரைத் தங்கச்சி அவள் அண்ணனோடு பேருந்து ஏறி வந்தாள். வில்லடி அண்ணன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரப்பர் ஷீட் காயவைக்கும் எங்கள் புகைப்புரை இப்போது காலியாக இருக்கிறது, ஷீட் எல்லாம் விற்றாகிவிட்டது. அங்கே மூன்று பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் ஸ்டூல் மேல் போனை வைத்துப் பதிந்தோம். யாருடைய பாட்டும் இல்லை. குடத்தில் அண்ணன் போட்ட இரண்டு அளவுத் தாளம், அதன் மேல் தங்கச்சி எழுதிய பேஸ் வரி, கடைசியாக நான். ஆறு நிமிடம் இருபது விநாடி. கூரைத் தகட்டில் மழை விழுவதும் சேர்ந்து பதிந்துவிட்டது, எடுக்க மனசு வரவில்லை.

என் கிடார் முதல் இரண்டு நிமிடம் மிக அதிகம். கேட்டபோது வெட்கமாக இருந்தது, மறுபடி வாசிக்கிறேன். குடம் அருமை. தங்கச்சி, ஒன்று கேட்க வேண்டும். மூன்றாவது சுற்றிலிருந்து உன் வரியில் நாலாவது சுரம் காணவில்லை. மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே விட்டாயா?

முட்டம்கரை
செவ்வாய், இரவு 8.15

வேண்டுமென்றேதான் அண்ணா. அந்த இடத்தில் உங்கள் கிடார் கீழே இறங்கி வருகிறது, நானும் அங்கே நின்றால் இரண்டும் இடிக்கும். சனிக்கிழமை மத்தியானமே வருகிறேன், திரும்பிப் போகும் பேருந்து சீக்கிரம் போய்விடுகிறது. வில்லடி அண்ணன் வரும்போது உடுக்கையையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.